ஷோகேஸுக்குள் ஒரு புரொப்பெல்லர்

போன வியாழக்கிழமை காலை பத்து மணி. கடலுக்குள் சுழன்றுகொண்டிருக்க வேண்டிய ஒரு பொருளை, மோதரையில் என் மகள் வீட்டு ஷோகேஸுக்குள் கண்டேன்.

புரொப்பெல்லர். மூன்று பிளேட் உள்ள ஸ்டீல் புரொப்பெல்லர். கல்யாணப் படத்துக்கும் மாதா சொரூபத்துக்கும் நடுவில், மஞ்சள் துணி விரித்து, அதன்மேல் மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தது.

பேப்பரில் என் இந்தப் பத்தியைத் தவறாமல் வாசிக்கிறவர்களுக்கு அந்தப் புரொப்பெல்லரைத் தெரியும். தெரியாமலிருக்க நான் விட்டால்தானே! மருமகன் அல்போன்ஸுக்குச் சீதனமாகக் கொடுத்த இருபத்தைந்து குதிரைவலுப் படகு எஞ்சினில் நானே என் கையால் பூட்டிய சாமான் அது. 'இரண்டு வருஷமாகக் கடலில் ஓடுகிறது, ஒரு கீறல் இல்லை... பொருளைத் தெரிந்தெடுப்பது என்றால் இப்படித் தெரிந்தெடுக்க வேண்டும்' என்று இதே இடத்தில் குறைந்தது மூன்று தடவை எழுதியிருக்கிறேன்.

ஏன் கீறல் இல்லை என்று இப்போது விளங்கியது.

நான் வியாழக்கிழமைகளில் மகள் வீட்டுக்குப் போகிறவன் இல்லை. அன்றைக்குக் காலையில் கொட்டாஞ்சேனையில் எங்கள் தெருவை ஆமிக்காரர் சுற்றிவளைத்துவிட்டார்கள். அடையாள அட்டை காட்டி, பொலிஸ் பதிவு காட்டி, வரிசையில் நின்று முடித்தேன். அதற்குப் பிறகு கடையைத் திறந்து என்ன, யார் வரப்போகிறார்கள்? பஸ் ஏறினேன். சொல்லாமல் கொள்ளாமல் போய் மகளின் வாசலில் நின்றேன்.

எமல்டா என்னைக் கண்டாள். நான் ஷோகேஸைக் கண்டேன்.

"என்ன பிள்ளை இது?"

"அது... அப்பா... கழுவ எடுத்தது."

"அல்போன்ஸ் எங்க?"

"கடலுக்கு."

"புரொப்பெல்லரைக் கழுவ வச்சிட்டு, படகை எப்பிடிக் கொண்டுபோனவர்? கையால தள்ளியோ?"

பிள்ளை தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு வாயைப் பொத்தினாள். அழுகிறாள் என்று நினைத்தேன். சிரிக்கிறாள்!

கதையைத் தொடருவதற்கு முன், புதிதாக வாசிக்கிறவர்களுக்காக என்னைப் பற்றி இரண்டு வரி. பழையவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள், உங்களுக்குப் பழக்கம்தானே. நான் ஐந்தாம் வகுப்பு. அதற்குமேல் பள்ளிக்கூடம் என்னைத் தாங்கவில்லை. இன்றைக்கு நீர்கொழும்பிலிருந்து பாணந்துறை வரை எந்தக் கரையில் அவுட்போர்ட் மோட்டார் இருமினாலும் 'கொட்டாஞ்சேனைக்குக் கொண்டுபோ' என்றுதான் சொல்லுவார்கள். டிகிரி எடுத்த எஞ்சினியர்மார் என் கடையில் ஸ்டூலில் உட்கார்ந்து, நான் சொல்லுவதைக் கொப்பியில் எழுதிக்கொண்டு போகிறார்கள். பெருமைக்குச் சொல்லவில்லை... சரி, பெருமைக்குத்தான் சொல்லுகிறேன். யாரும் எனக்குத் தூக்கித் தந்த பெருமையா இது?

புரொப்பெல்லர் வாங்க ஒருவர் வந்தால் நான் முதலில் விலை சொல்லுவதில்லை. ஒரே ஒரு கேள்வி: "உம்மட கரையில அடியில என்ன கிடக்கு, மணலோ கல்லோ?"

ஆழக் கடல், தூர ஓட்டம், அடியில் முட்ட ஒன்றுமில்லை. அப்படியானவர் ஸ்டீல் பூட்டட்டும். வளையாது, தேயாது, தண்ணீரைக் கத்தி மாதிரி வெட்டும். கரையோரம், தண்ணீருக்குள் மறைந்து கிடக்கிற கல்லுப் பார், ஆழமில்லாத தண்ணீர் என்றால்... அலுமினியம். ஏன் தெரியுமா? அலுமினியம் கல்லில் பட்டால் தான் வளையும். அந்த அடியைத் தன்னோடு முடித்துக்கொள்ளும். ஸ்டீல் வளையாது. அப்படியென்றால் அந்த அடி எங்கே போகும்? நடுவில் ஒரு ரப்பர் புஷ் இருக்கிறது, கொஞ்சம் தாங்கும். மிச்சம் நேரே உள்ளே போய் கியரின் பல்லை உடைக்கும். வளைந்த பிளேட்டைத் தட்டி நிமிர்த்தலாம். உடைந்த பல்லை? அதுவும் இந்தச் சண்டைக் காலத்தில் எஞ்சின் சாமான் ஒன்று எடுப்பதென்றால் கடிதம், அனுமதி, கையெழுத்து, திரும்பவும் கடிதம். மாதக்கணக்கில் படகு மணலில் கிடக்கும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அறுந்துபோன தங்கூசி, அதுதான் நைலோன் தூண்டில் நூல், புரொப்பெல்லருக்குப் பின்னால் சுற்றிக்கொண்டால் வெளியே தெரியாது. உள்ளேயிருந்து, கடல் தண்ணீரைத் தடுக்கிற 'சீல்' ரப்பரை அறுக்கும். மாதம் ஒருமுறை கழற்றிப் பாருங்கள். கியர் ஒயில் பால் தேத்தண்ணி நிறத்தில் வந்தால் கடல் உள்ளே போய்விட்டது என்று அர்த்தம். உடனே ஓடி வாருங்கள்.

இதெல்லாம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. மோதரைக் கரைக்கு முன்னால் கல்லுப் பார் கிடப்பதும் தெரியும். பிறகு ஏன் சொந்த மருமகனுக்கு ஸ்டீல் பூட்டினேன்?

கேட்பீர்கள். கேட்கத்தான் வேண்டும்.

கல்யாணத்துக்கு முதல் நாள் சீதனச் சாமான்களை ஹோலில் வைத்து வந்தவர்களுக்குக் காட்டினோம். நடுவில் ஸ்டாண்டில் எஞ்சின், அதற்கு ஒரு மாலை. கம்பனியிலிருந்து வந்த அலுமினியப் புரொப்பெல்லர் கறுப்புப் பெயின்ற் அடித்தது. என் மனைவியின் தமையன் பஸ்தியான் அதைச் சுற்றி ஒரு வட்டம் வந்தார்.

"என்ன மச்சான்... எஞ்சின் புதுசு. வால் மட்டும் அடிப்பிடிச்ச சட்டி மாதிரிக் கிடக்கு?"

சபை சிரித்தது. எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. பின்னேரமே கடையைத் திறந்து, இருந்ததில் நல்ல ஸ்டீலை எடுத்து, கண்ணாடி மாதிரி மினுக்கிக் கொண்டுவந்து பூட்டினேன். பஸ்தியான் அதில் தன் முகத்தைப் பார்த்து மீசையைத் தடவினார். எனக்கு வயிறு நிறைந்தது.

கல்லைப் பற்றி யோசித்தேனா? மச்சானைப் பற்றித்தான் யோசித்தேன்.

இப்போது எமல்டா சொன்னதைக் கேளுங்கள். கல்யாணம் முடிந்த முதல் மாதமே அல்போன்ஸின் படகு பாரில் தட்டியது. ஒரே தட்டு. கியரில் இரண்டு பல் போய்விட்டது. என் கடை பத்து நிமிஷத் தூரம். அவன் அங்கே வரவில்லை.

"ஏன் வரேல்லை?"

"கொண்டுவந்தா ஸ்டீலாலதான் உடைஞ்சதெண்டு நீங்க ஒரு பார்வையில கண்டுபிடிச்சிடுவீங்களாம். 'மாமா கொட்டாஞ்சேனை முழுக்கச் சொல்லிப் பெருமைப்பட்டவர், அந்த முகத்தை என்னால பாக்கேலாது' எண்டு சொன்னார், அப்பா."

கியர்ப்பெட்டியைக் கழற்றிச் சாக்கில் சுற்றிக்கொண்டு, பஸ்ஸில் நீர்கொழும்புக்குப் போயிருக்கிறான்.

எனக்கு அந்த நாள் ஞாபகம் வந்தது. யோசித்துப் பாருங்கள்: ஒரு தமிழ்ப் பெடியன், சாக்குக்குள் மோட்டார் பாகம், நடுவில் சோதனைச் சாவடி. இறக்கிவிட்டார்கள். பின்னேரம்வரை ஒரு வாங்கில் இருத்தி வைத்திருந்தார்கள். எமல்டா அழுதுகொண்டு கடைக்கு ஓடிவந்தாள். நான் எஞ்சின் பதிவுப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு போய், எனக்குத் தெரிந்த சிங்களம் முழுவதையும் கொட்டி, அவனை மீட்டுக்கொண்டு வந்தேன். 'கூட்டாளியின்ர கியர், மாமா, அவனுக்கு வர நேரமில்லை' என்றான். நான் விட்டேனா? மோதரை வந்து சேரும்வரை பஸ்ஸில் வைத்து ஏசினேன். "மற்றவன்ர சாமானைத் தூக்கிக்கொண்டு திரியிற காலமோ இது? மூளை கிடக்கோ உமக்கு?"

அவன் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். "பிழைதான், மாமா" என்றான்.

பிழை யாருடையது? அதை முழுக்க வாங்கித் தன் தலையில் போட்டுக்கொண்டு நின்றிருக்கிறான். நான் அவனை ஏசியிருக்கிறேன்.

அதற்குப் பிறகு எப்படியோ பழைய சாமானில் பல்லை மாற்றிக்கொண்டு, ஒரு பழைய அலுமினியத்தைத் தேடிப் பூட்டியிருக்கிறான். என் பார்வையில் படவே படாது. எப்படி? நாங்கள் வேதக்காரர், கத்தோலிக்கர். ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஆட்கள் கடலுக்குப் போவதில்லை. படகு மணலில் நிற்கும். நான் மோதரைக்குப் போவதோ பூசை முடிந்து, ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும். பாரில் பட்ட கீறலை அன்றைக்கே தேய்த்து மினுக்கிவிட்டானாம்; சனி பின்னேரம் அந்த ஸ்டீலைப் பூட்டுவான். ஞாயிறு நான் வந்து தடவிப் பார்த்து, 'கண்டீரோ, ஒரு கீறல் இல்லை' என்பேன். "ஓம் மாமா, நல்ல சாமான்" என்பான். திங்கள் விடியக் கழற்றிவிடுவான். இரண்டு வருஷம். எத்தனை சனி, எத்தனை திங்கள்!

"அப்பா, இதை அவரிட்டக் கேக்கக் கூடாது. நீங்க கண்டதெண்டு தெரிஞ்சா மனுசன் உடைஞ்சுபோயிடும்." எமல்டா என் கையைப் பிடித்துக்கொண்டாள். அதோடு விடவில்லை. "இந்த ஞாயிறு படகு ஆசீர்வாதம். எல்லாப் படகும் இறங்கும். எங்கட படகிலதான் மாதா. நீங்களும் பஸ்தியான் மாமாவும் வாறீங்க. அவர் ஸ்டீலைத்தான் பூட்டப்போறார். நான் வேண்டாமெண்டு சொல்லியும் கேக்கேல்லை."

"பாரைத் தாண்டித்தானே போகோணும்?"

"ஓம். வத்துத் தண்ணி வேற, கல்லு மேலாலயே கிடக்கும்."

தட்டினால் கியர் போகும். கியர் போனால் அந்த எஞ்சின் இனி எழும்பாது, மகள் வீட்டு அடுப்பும் அதோடு சேர்த்துத்தான். அது மட்டுமா? எஞ்சின் இல்லாத படகை இந்த மாதத்துக் காற்று நேரே, கடற்படை காவல் நிற்கிற துறைமுகப் பக்கம் தள்ளும். அங்கே எல்லை தாண்டி வருகிற படகிடம் 'எப்படிச் சுகம்?' என்று யாரும் விசாரிப்பதில்லை, சுடுவார்கள்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் கேட்டேன்: "உனக்கு இது தெரியுமோ?"

அவள் தேங்காய் துருவுவதை நிறுத்தவில்லை. "முதல் மாசமே தெரியும்."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னாக் கேக்கிற ஆளோ நீங்க?"

மூன்று நாள் யோசித்தேன். வயிற்றுக்குத்து என்று சொல்லிப் போகாமல் விடலாமா? பஸ்தியான் வருவார், அவருக்குக் காட்டவேண்டும் என்று ஸ்டீல் பூட்டுவான். தனியே கூப்பிட்டுச் சொல்லலாமா? கண்டுவிட்டேன் என்று தெரிந்துவிடும், மகளுக்குக் கொடுத்த வாக்குப் போய்விடும். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு கல்.

ஞாயிறு வந்தது. கரை முழுக்கக் கொடி. கடற்படை ஒரு மணித்தியாலம் அனுமதி கொடுத்திருந்தது. பாதர் வெள்ளை உடுப்போடு நிற்கிறார். அல்போன்ஸின் படகில் பூ, மாலை, மாதா. பின்னால் எஞ்சின். அதில் என் ஸ்டீல், வெயிலில் கண்ணைக் குத்துகிற மாதிரி மின்னிக்கொண்டு. அல்போன்ஸ் என்னைப் பார்த்துச் சிரித்தான். பாருக்குப் பயந்த சிரிப்பு. எஞ்சின் கண்டவனுக்கு முகம் தெரியாதா?

பஸ்தியான் தோளில் தட்டினார். "மச்சான், இண்டைக்கும் மினுங்குது பாரும். அந்த நாளையில வாய்விட்ட எனக்குச் சரியான பதில்."

அந்த இடத்தில் என் மூன்று நாள் யோசனையும் ஓடிவிட்டது. காற்சட்டைப் பையில் ஸ்பேனர் கிடந்தது. பூசைக்குப் போனாலும் அது என்னோடு வரும். என் வெள்ளைக் காற்சட்டையோடு ஈர மணலில் முழந்தாளிட்டேன்.

"அல்போன்ஸ், அலுமினியத்தை எடுத்துக்கொண்டு வாரும்."

அவன் எமல்டாவைப் பார்த்தான். அவள் வானத்தைப் பார்த்தாள்.

"எந்த அலுமினியம், மாமா?"

"எந்த அலுமினியமோ! மோதரையில இருக்கிற எவன் வீட்டிலயும் ஒண்டு கிடக்கும். கெதியா வாரும், கடற்படைக்காரன் மணி பாத்துக்கொண்டு நிக்கிறான்."

அவன் ஓடினான். வலைக் குவியலுக்குக் கீழேயிருந்து எடுத்துக்கொண்டு வந்தான். பஸ்தியானுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"என்ன மச்சான் செய்யிறீர்? ரெண்டு வருசமா ஸ்டீல், ஸ்டீல் எண்டு பேப்பரில எல்லாம் எழுதிப்போட்டு..."

"இந்தக் கல்லுக் கரைக்கு ஸ்டீல் பிழை. பூட்டினது நான். பிழையும் நான்தான்."

"அப்ப ஏன் பூட்டினனீர்?"

"உமக்குக் காட்டத்தான் பூட்டினன், மச்சான். கடலுக்குப் பூட்டேல்லை."

பாதர்தான் முதலில் சிரித்தார். பாவசங்கீர்த்தனத்தில் நாற்பது வருஷமாக என்னிடம் ஒரு பிழையும் வாங்க முடியாத மனுஷன் அவர்!

அல்போன்ஸ் என் பக்கத்தில் குந்தினான். "மாமா, நான் கழட்டுறன். உங்கட காற்சட்டை..."

"நான் பூட்டினது. நான்தான் கழட்டோணும். நீர் கட்டையைப் பிடியும்."

பிளேட் சுழலாமல் அவன் ஒரு மரத்துண்டை வைத்துப் பிடித்தான். நான் நட்டில் செருகியிருந்த கம்பிப் பின்னை இழுத்து, நட்டைத் திருப்பினேன். ஸ்டீல் வெளியே வந்தது, அலுமினியம் உள்ளே போனது. புதுப் பின்னை வளைத்துவிட்டு நிமிர்ந்தபோது அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் முழங்கையில் ஒட்டியிருந்த மணலைத் தட்டிக்கொண்டிருந்தான். தட்டி முடிந்த பிறகும் தட்டிக்கொண்டிருந்தான்.

படகு இறங்கியது. பாருக்கு மேலே ஓர் அலை எங்களைத் தூக்கிவிட்டு, பிறகு விட்ட இடத்தில்... டொக்.

எனக்கு மூச்சு நின்றது. எஞ்சின் நிற்கவில்லை. படகு முழுக்கக் காய்ச்சல் வந்தவன் மாதிரி நடுங்கியது, ஆனால் ஓடியது. ஒரு பிளேட் வளைந்துவிட்டது, அவ்வளவுதான். காவல் படகிலிருந்து ஒருவன் கத்தினான்: "ஏய்! மொக்கத வுனே?" என்ன நடந்தது என்று கேட்கிறான்.

"மொக்குத் நே, சேர்! டிக்கக் ஹெப்புனா!" ஒன்றுமில்லை ஐயா, கொஞ்சம் இடிபட்டது. அல்போன்ஸ் இதைச் சொல்லும்போது சிரித்துக்கொண்டிருந்தான். இந்தத் தடவை பயந்த சிரிப்பு இல்லை. மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றி, மாதாவையும் பாதரையும் மச்சானையும் என்னையும் கரையில் சேர்த்தான்.

என் எழுத்தை நம்பிக் கல்லுக் கரையில் ஸ்டீல் பூட்டிய வாசகர்கள் யாராவது இருந்தால், தயவுசெய்து கழற்றுங்கள். கேட்டால் என் பெயரைச் சொல்லி ஏசலாம். எனக்குக் குறையாது.

முந்தாநாள் திங்கட்கிழமை கடை திறந்து கொஞ்ச நேரம். வாசலில் அல்போன்ஸ், கையில் சாக்கு. மருமகனாக வந்த இந்த இரண்டு வருஷத்தில் ஒரு வேலையோடு அவன் என் கடைப் படி ஏறியது அன்றைக்குத்தான்.

"மாமா, இதை ஒருக்காப் பாருங்கோ."

வளைந்த அலுமினியத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தேன். புது வளைவு ஒன்று. அதற்குக் கீழே பழைய அடிகள் எத்தனையோ... வளைந்து, நிமிர்த்தி, வளைந்து, நிமிர்த்தி. ஒவ்வொரு பிளேட்டும் ஒவ்வொரு கோணத்தில். இதோடு இரண்டு வருஷம் இவன் எப்படிக் கடலுக்குப் போய்வந்தான்?

"எந்த அரைகுறை இதைத் தட்டினவன்?"

அவன் காதைச் சொறிந்தான். "நான்தான், மாமா. கரையில, கல்லில வச்சு."

நாற்பது வருஷத்தில் இந்தக் கடையில் நான் வேறொருவன் வேலையை நல்லது என்று சொன்னதில்லை. கம்பனிக்காரன் வேலையைக்கூடச் சொன்னதில்லை.

"நல்லாத்தான் தட்டியிருக்கிறீர்" என்றேன்.

படு பொய். இருந்தாலும், எங்கள் குடும்பத்தில் எல்லோரும் எனக்காக ஒவ்வொரு பொய் சொல்லிவிட்டார்கள். நானும் ஒன்று சொல்ல வேண்டாமா?